ஜன்னலில் வைத்த ஒமேகா எண்ணெய்

"சாயங்காலத்துக்குள்ள மின்னி இந்த எண்ணெயைக் குடிக்கணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்ல!" என்று லாயத்து முதலாளி தணிகாசலம் கத்தினார். குதிரை மின்னியின் முடி பளபளக்க வாங்கிய வெளிநாட்டு ஒமேகா எண்ணெய் அது. ஊர் பார்க்கட்டும் என்று வெயிலடிக்கும் ஜன்னலில் வைத்திருந்தார்.

குதிரைக்காரர் சூசை பணிவாகச் சொன்னார்: "ஐயா ஒரு ஸ்பூன் குடிச்சுக் காட்டினா, அதுக்கும் நம்பிக்கை வரும்."

முதலாளி மிடுக்காக வாயில் ஊற்றினார். உடனே துப்பினார். "தூ! கெட்டுப்போச்சுடா!"

"அதைத்தாங்க குதிரையும் சொல்லுது."

லாயமே சிரித்தது. சூசை சிரிக்கவில்லை. மின்னி நேராகக் குடிக்க மறுத்ததால், ஒரு வாரமாக அந்த எண்ணெயைத் தவிட்டில் மறைத்து ஊட்டியவர் அவர்தான். இப்போது தவிட்டையும் தொடாமல், மின்னி உள்ளே வயிற்றுவலியில் எழ முடியாமல் கிடந்தது.

"நாத்தம் அடிக்குது, கீழ கொட்டிடுங்க" என்று கால்நடை டாக்டரம்மா போன வாரமே சூசையிடம் சொல்லியிருந்தார். முதலாளிக்குப் பயந்து அவர் கொட்டவில்லை.