வலிக்கலீங்க

“எந்த ஊசி நல்ல ஊசி, மேடம்?”

கேட்டுக்கொண்டேதான் நாச்சிமுத்து அறைக்குள் நுழைந்தார். கதவைத் தட்டவில்லை.

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பல் மருத்துவக் கல்லூரியில் பல் எடுக்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். நாச்சிமுத்து சொந்த கிளினிக்கைப் பூட்டிவிட்டு அவரிடம் மேற்படிப்புக்கு வந்தவர். ஆசிரியரைவிட மாணவருக்கு வயது கூடுதல்.

“உட்காருங்க.”

அவர் உட்காரவில்லை.

“கீழ்ப்பல் எடுக்க ரெண்டு விதமா மரத்துப்போற ஊசி போட்டுப் பார்த்துட்டேன். பாதிப் பேருக்குத் தாடை நரம்புக்குப் பக்கத்துல. மீதிப் பேருக்குப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல. எது வலிக்காம வேலை செய்யுதுன்னு கண்டுபிடிக்கணும். அதானே என் ஆராய்ச்சி?”

“ஆமா.”

“ரெண்டுலயும் எல்லாரும் வலிக்கலன்னுதான் சொல்றாங்க.”

“நல்லதுதானே?”

“நல்லதில்ல மேடம். வெளியில பாவாத்தாள்னு ஒரு அம்மா இருக்காங்க. பனியன் கம்பெனியில நூல் பிசிறு வெட்டறவங்க. ரெண்டு பல் சொத்தை. ஒண்ணை எடுத்தேன். வலிச்சுதான்னு கேட்டதுக்கு, துளிகூட இல்லீங்கன்னாங்க. அடுத்ததை எடுக்க வரச் சொன்னேன். வரவே இல்ல. கடைசியில முகம் ஒரு பக்கம் வீங்கி, வாயைத் திறக்க முடியாம, மகள் கூட்டிட்டு வந்தா. சீழ் கழுத்துக்கு இறங்கியிருந்தா உயிரே போயிருக்கும்.”

“இப்ப எப்படி இருக்காங்க?”

“மாத்திரையில வீக்கம் வத்திருச்சு. இன்னிக்கு எடுத்தாகணும். ஊசியை எடுக்கறேன், கீழ வைக்கிறேன். எடுக்கறேன், வைக்கிறேன். வலிக்கலன்னு சொன்ன மனுஷி ஏன் மேடம் வராமப் போனாங்க?”

நாச்சிமுத்து ஜன்னல் வரைக்கும் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

ஜெசிந்தா அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க கடைவாய்ப் பல் உடைஞ்சு கிடக்கே. எப்ப எடுக்கறதா இருக்கீங்க?”

“அது இப்ப எதுக்கு மேடம்?”

“எடுக்கணுமா, வேண்டாமா?”

“எடுக்கணும்தான்.”

“வாங்க.”

பக்கத்து அறையில் நாற்காலி காலியாக இருந்தது. நாச்சிமுத்து சாய்ந்து படுத்தார். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. பாதங்கள் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

“எந்த ஊசி போடட்டும்?”

இத்தனை பேருக்கும் போட்டவர் யோசித்தார். நாற்காலியில் படுத்துப் பார்த்தால் இரண்டு ஊசியும் ஒரே நீளமாகத் தெரிந்தன.

“தாடை நரம்புக்கே போடுங்க.”

போட்டார். மருந்து இறங்கும்வரை ஜெசிந்தா காத்திருந்தார்.

“உதடு மரத்துப் போச்சா?”

“போச்சு மேடம்.”

ஜெசிந்தா கூர்முனைக் கருவியால் ஈறைத் தொட்டார். சுருக்கென்றது.

“வலிக்குதா?”

“இல்ல மேடம்.”

பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் நெம்புகோலை வைத்து மெல்ல அழுத்தினார். தாடையில் கிளம்பிய வலி காதுவரை வெட்டி இழுத்தது. நாச்சிமுத்துவின் விரல்கள் கைப்பிடியை இறுக்கின.

“வலிக்குதா?”

“இல்ல.”

நெம்புகோல் வாயிலிருந்து வெளியே வந்தது. தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

நாச்சிமுத்து கண்ணைத் திறந்தார். ஓரத்தில் வழிந்த நீர் காதுக்குள் இறங்கியிருந்தது. ஜெசிந்தா பஞ்சை நீட்டினார்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். கண்ணீரைத் துடைக்கவில்லை.

“ஏன் அப்படிச் சொன்னேன்?” என்றார். பாதி உதடு அசையாததால் சொல் குழறியது. “எனக்கே தெரியும் மேடம். உதடு மரத்தாலும் சில பேருக்குப் பல் மரக்காது. இன்னொரு ஊசி போட்டாப் போதும். கேட்டிருந்தா நீங்களும் போட்டிருப்பீங்க.”

ஜெசிந்தா கையுறையைக் கழற்றினார்.

“உங்க பல்லை நாளைக்கு எடுக்கலாம். அந்த அம்மா காத்திட்டு இருக்காங்க.”

பாவாத்தாள் நாற்காலியில் விறைப்பாகப் படுத்திருந்தார். நாச்சிமுத்து வழக்கமாக நின்றுகொண்டுதான் பல் எடுப்பார். இன்று ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

“சாருக்கு வாய் என்னமோ கோணலா இருக்குதுங்களே?”

“எனக்கும் ஊசி போட்டாங்கம்மா. இப்பத்தான்.”

“வலிச்சுதுங்களா?”

“ரொம்ப வலிச்சுது. வலிக்கலன்னு சொல்லிட்டேன்.”

பாவாத்தாள் அவரையே பார்த்தார்.

நாச்சிமுத்து ஊசி போட்டார். காத்திருந்தார். உதடு மரத்ததும் ஈறைத் தொட்டு அழுத்தினார்.

“வலிக்குதாம்மா?”

பாவாத்தாளின் பார்வை வாசல் பக்கம் போனது. அங்கே நின்ற வரிசையைப் பார்த்தார். பிறகு தட்டில் அடுக்கிய கருவிகளைப் பார்த்தார்.

நாச்சிமுத்து கருவியை எடுத்துவிட்டு, வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டார். வரிசையில் யாரோ இருமினார்கள். அவர் திரும்பவில்லை.

“வலிக்குதுங்க,” என்றார் பாவாத்தாள்.

“அன்னைக்கு?”

“அன்னைக்கும் வலிச்சுதுங்க, சார்.”

நாச்சிமுத்து இரண்டாவது ஊசியை எடுத்தார்.