கூரனின் கோரைப்பல்

கூரன் என்ற செந்நாய்க்குக் கோரைப்பல்லில் வலி எடுத்தது. சாதாரண வலியா அது? காது, கண், மண்டை எல்லாம் சேர்ந்து தெறித்தது. தண்ணீர் குடித்தாலே உயிர் போனது.

கூரன் கூட்டத்துக்குத் தலைவன். அந்தச் செந்நாய்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் தலைவன் பாறை மேல் ஏறி, உதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டுவான். கூட்டம் கீழே நின்று தலை தாழ்த்தும். அப்புறம்தான் வேட்டை. அதில் முதல் கடியும் தலைவனுடையதுதான்.

மனைவி செவ்வந்தி நச்சரித்து அவனை மரங்கொத்தியிடம் கூட்டிப் போனாள். மரங்கொத்தி அவன் வாய்க்குள் தலையை விட்டுப் பல்லைத் தட்டிப் பார்த்தது.

"ஐயோ!" என்று அலறினான் கூரன்.

"வேருக்குள்ளே அழுகியிருக்கு, தலைவரே. துளை போட்டு, அழுகினதை அடிவரைக்கும் சுரண்டி எடுத்து, குங்கிலியப் பிசின் வைச்சு அடைச்சிடலாம். பல்லு உங்களுக்கே இருக்கும். ஆனா ஒரே நாளில் முடியாது. வலிக்கும். பல்லும் கொஞ்சம் கறுத்துப் போகும்."

"கறுத்துப் போகுமா!"

பக்கத்தில் தேனடையை நக்கிக்கொண்டிருந்த கரடி சிரித்தது. "எதுக்குய்யா இந்த வம்பு? ஒரே இழுப்பில் நான் பிடுங்கித் தர்றேன். புண்ணும் ஆறிடும்."

"அப்படியும் செய்யலாம்," என்றது மரங்கொத்தி. "ஆனா கடிக்கிற பலம் குறையும், பக்கத்துப் பல்லும் சாயும். அதான் காப்பாத்தப் பார்க்கலாம்னு சொல்றேன். ரெண்டில் எதுன்னாலும் சரி, சும்மா மட்டும் இருந்துடாதீங்க!"

கூரனுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. கறுத்த பல்லோடு பாறை மேல் நிற்பதா? ஓட்டை வாயோடு நிற்பதா? கூட்டம் சிரிக்காதா? கூட்டத்திலேயே மொட்டைவாலன் வேறு, எப்போது தலைவனாகலாம் என்று காத்துக் கிடக்கிறான்!

"பல்லு போனா போகட்டுங்க. எனக்கு நீங்க இருந்தா போதும்," என்று அழுதாள் செவ்வந்தி.

"உனக்குப் போதும். கூட்டத்துக்குப் போதுமா?" என்று சீறிவிட்டு நடந்தான்.

வழியில் ஒரு நரி நைசாகப் பக்கத்தில் வந்தது. "அண்ணே, இந்த அக்கரகார வேரை மெல்லுங்க. வாய் மரத்துப் போகும். துளையும் வேண்டாம், இழுப்பும் வேண்டாம்! வேட்டையில் எனக்கும் ஒரு துண்டு போட்டா போதும்."

மென்றான். வலி மரத்தது. தினமும் மென்றான். ஒருநாள் அந்த வேரை மெல்லாமலே வலி நின்றுவிட்டது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை! மரங்கொத்தியைப் பார்த்து, "எங்கே உன் துளை?" என்று கேலி செய்தான்.

"பல்லுக்குள்ளே உயிர் செத்திருக்கும், தலைவரே. அதான் வலி தெரியலை. அழுகல் இன்னும் உள்ளேதான் இருக்கு. இப்பவாவது வாயைத் திறங்க!"

கேட்டால்தானே! கொஞ்ச நாளில் கன்னம் வீங்கியது. வாய் நாறியது. வீங்கிய பக்கம் கூட்டத்துக்குத் தெரியாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு பாறை மேல் நின்றான் நம் தலைவன்.

அன்று கூட்டம் ஒரு கடமானை வளைத்தது. முதல் கடி கூரனுடையது. பாய்ந்து தொடையைக் கவ்வினான். மடக்! கோரைப்பல் வேரோடு முறிந்தது. வாயெல்லாம் சீழும் ரத்தமும் கொட்டியது. கடமான் உதறி ஓடியது. கூரன் சுருண்டு விழுந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது.

செவ்வந்தி ஓடிப்போய் மரங்கொத்தியை அழைத்து வந்தாள்.

"என்ன வேணும்னாலும் செய்!" என்று முனகினான் கூரன். "துளை போடு! பிடுங்கு!"

மரங்கொத்தி பார்த்தது. "தாடையெலும்பே அழுகிப் போச்சு, தலைவரே. விஷம் ரத்தத்தில் கலந்திடுச்சு. இனி நான் என்ன செய்ய?"

பொழுது சாயும் முன் கூரன் செத்துப் போனான். பாவம் செவ்வந்தி, அவன் முகத்தை நக்கிக்கொண்டே கிடந்தாள்.

மறுநாள் விடிந்தது. மொட்டைவாலன் பாறை மேல் ஏறி உதட்டைச் சுருட்டினான். அவனுக்கு மேல்வரிசையில் ஒரு பக்கக் கோரைப்பல்லே இல்லை! எப்போதோ பிடுங்கிப் போட்டது. கூட்டத்தில் எல்லோருக்கும் அது தெரியும். தன் பல்லைத் தவிர வேறு யார் பல்லையும் பார்க்காத கூரனுக்குத்தான் தெரியாது. கூட்டம் எப்போதும்போலத் தலை தாழ்த்திவிட்டு வேட்டைக்குக் கிளம்பியது. செவ்வந்தி மட்டும் பாறையடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று நோயை மூடி மறைப்பவன், அந்த நோய்க்குத் தன் உயிரையே கொடுப்பான்.