நாரையை மனிதனாக்கிய சொல்

முன்னொரு காலத்திலே, ஏழு கடலுக்கு அப்பால், மழைக்கே வாழ்க்கைப்பட்ட இங்கிலாந்து தேசத்தில், ஈடித் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் ஆஸ்ரிக் ஒரு வேட்டைக்காரன். அவர்களுக்குத் தொட்டிலில் ஒரு பெண் குழந்தை, பெயர் ஹில்டா.

அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. இரண்டு சொல்லை ஒட்டிப் புதுச்சொல் செய்துவிடுவார்கள். கடல் என்றால் 'திமிங்கிலப்பாதை', உடம்பு என்றால் 'எலும்புவீடு'. ஆஸ்ரிக் இதில் மகா கெட்டிக்காரன். மகளைச் 'சிரிப்புமூட்டை' என்றுதான் கூப்பிடுவான்.

ஒருநாள் சதுப்பு நிலத்தில் ஒரு நாரையை அம்பெய்து கொன்றான். நாரையா அது? ஒரு மந்திரவாதியின் ஒரே மகள் அல்லவா நாரை உருவத்தில் மேய்ந்துகொண்டிருந்தாள்! மந்திரவாதி கையை ஓங்கினான். ஆஸ்ரிக்கும் நாரையாகிவிட்டான்.

ஈடித் ஓடிப்போய் மந்திரவாதியின் காலில் விழுந்தாள்.

"என் மக போனதிலேருந்து விடியறதுக்கு முன்னால என்னமோ வந்து நெஞ்சுல உக்காருது. அது என்னன்னு ஒரே சொல்லுல சொல்லு. உன் புருஷன் மனுஷனாவான். மூணு தரம்தான் கேப்பேன். மூணும் தப்பாப் போனா அவன் கடைசிவரைக்கும் நாரைதான்" என்றான் அவன்.

"பயம்" என்றாள் ஈடித்.

"இனிமே நான் பயப்பட என்ன இருக்கு? போடி!"

அடுத்த குளிர்காலத்தில் மறுபடி போனாள். "பிரிவு" என்றாள்.

"பிரிவு பகலெல்லாம் கூடவே இருக்கு. நான் கேட்டது வேற. போடி!"

தினமும் விடியலில் அந்த நாரை வந்து கூரைமேல் நிற்கும், வெளிச்சம் வந்ததும் பறந்துவிடும். மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல். அதுவும் தப்பாகிவிடுமோ என்று ஈடித் வாயையே திறக்கவில்லை.

அந்த வருஷ மழையில் ஹில்டாவுக்குக் காய்ச்சல் கண்டது. சிரிப்புமூட்டை போய்ச் சேர்ந்துவிட்டது, பாவம்.

அதற்கப்புறம் ஈடித்துக்கும் விடியுமுன்னே விழிப்பு வந்தது. பழக்கத்தில் கை தொட்டில் கயிற்றைத் தேடும். மாடு கறக்க நேரமாகவில்லை, அழுதாலும் கேட்க ஆளில்லை. படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

ஒருநாள் எழுந்து மந்திரவாதியிடம் போனாள். அவர்கள் பாஷையில் இருட்டு பிரியாத அந்த நேரத்துக்கு 'ஊஹ்ட்' என்று பெயர், கவலைக்குச் 'செயரு'. புருஷன் செய்வதுபோல இரண்டையும் ஒட்டினாள்.

"ஊஹ்ட்செயரு."

மந்திரவாதி அப்படியே உட்கார்ந்துவிட்டான். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"என் மகளும் போயிட்டா."

அவன் வாய்விட்டு அழுதான். மகள் போனபோதுகூட அவன் அழுததில்லை. அழ அழச் சாபம் கரைந்தது. "போம்மா, உன் புருஷன் வீட்டுல இருக்கான்" என்றான்.

ஈடித் வீட்டுக்கு ஓடினாள். வாசலில் முழு மனிதனாக நின்றான் ஆஸ்ரிக். அவளைக் கட்டிக்கொண்டான், சிரித்தான், உள்ளே எட்டிப் பார்த்தான்.

"எங்கே என் சிரிப்புமூட்டை?"

ஈடித் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

அப்புறம் இருவரும் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். விடியுமுன்னே இருவருக்கும் விழிப்பு வரும். ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்ல, மற்றவர் கையைப் பிடித்துக்கொள்வார். அதற்குள் விடிந்துவிடும். உங்களுக்கும் அந்த நேரத்தில் விழிப்பு வந்தால், சொல் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். கையைப் பிடிக்க ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.