திட்டிவாசல்காரன்

கருங்கோட்டைக்கு இரண்டு வாசல் உண்டு. ஒன்று யானை நுழையும் பெரிய வாசல். இன்னொன்று ஆள் குனிந்து போகும் திட்டிவாசல். படையில் ஒழுங்காக இருந்து ஓய்ந்தவனை முரசு கொட்டிப் பெரிய வாசல் வழியே அனுப்புவார்கள். தப்புச் செய்தவனுக்கு இடைக்கச்சையை அவிழ்த்து வாங்கிக்கொண்டு திட்டிவாசலைக் காட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் அப்பா அம்மா வைத்த பேர் அவனுக்குக் கிடையாது. ஊருக்கே அவன் 'திட்டிவாசல்காரன்'தான்.

விடங்கன் அப்படி வந்தவன். கணவாயில் காவல் நிற்க வேண்டிய நாளில் கள்ளைக் குடித்துவிட்டுச் சேவல்கட்டு பார்க்கப் போய்விட்டான். அந்த நேரம் பார்த்துக் கொள்ளைக்காரர்கள் புகுந்துவிட்டார்கள்.

எங்கெங்கோ அலைந்து, கடைசியில் மலையடிவாரத்தில் பஞ்சவர்ணத்தம்மையின் மடத்துக்கு வந்து சேர்ந்தான். அம்மைக்கு அவனைவிட வயசு குறைச்சல். "தாடி நரைச்சவனுக்குத் தங்கச்சி வயசிலே குருவா!" என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விறகு பிளந்தான், தண்ணீர் சுமந்தான். கள்ளை மட்டும் தொடவில்லை.

அந்த வருஷம் கோட்டைக்குப் புதுத் தளபதி வந்தார். பங்குனிப் பௌர்ணமிதோறும் பழைய தீர்ப்புகளை மறுபடி விசாரிப்பதாக அறிவித்தார். அவர் மனம் இரங்கினால் திட்டிவாசல்காரனும் முரசோடு பெரிய வாசலில் நடக்கலாம். ஒன்றே ஒன்று, அவனை நம்பிக் கைபிடித்து அழைத்து வர ஒருத்தர் வேண்டும்.

விடங்கன் அம்மையிடம் ஓடினான்.

"தாயே, நீங்கதான் என் கையைப் பிடிச்சு நிறுத்தணும். இந்தப் பேரோட செத்தா என் கட்டை வேகாது."

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அங்கே என்ன சொல்லப் போறே?"

சொல்லிக் காட்டினான். அடேயப்பா, என்ன பேச்சு! முள்ளுக்காட்டுப் போரில் வாங்கிய காயம், வெள்ளத்தில் இழுத்துக் கரை சேர்த்த குதிரைகள், மடத்தில் செய்த தொண்டு, எல்லாம் வந்தது. கடைசியில், "நடுவிலே ஏதோ ஒரு நாள் புத்தி பிசகிப்போச்சு" என்று முடித்தான்.

"நல்லாயிருக்கு. அன்னைக்குக் காவலுக்கு நீ ஒருத்தன்தானா?"

விடங்கன் ஒரு கீரைத் தண்டை எடுத்துக் கிள்ளினான்.

"காரின்னு ஒருத்தன் இருந்தான்."

"அவனுக்கு என்னாச்சு?"

"ஒரு கால் போச்சு."

"இப்ப எங்கே இருக்கான்?"

"ஈச்சங்காட்டிலே. கோட்டைக்குப் போற வழி."

அம்மை மேலே கேட்கவில்லை. "சரி, வர்றேன்" என்று கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பௌர்ணமியன்று காலையில் கிளம்பினார்கள். ஈச்சங்காடு வழியாக நேர்ப்பாதை இருந்தது. விடங்கன் உப்பு வாங்கப் போனாலும் அந்தப் பக்கம் மிதிக்க மாட்டான். ஏரிக்கரையைச் சுற்றித்தான் போவான். அன்றும் ஏரிப் பக்கம் திரும்பினான். அம்மை நேரே நடந்தாள்.

"தாயே, ஏரிக்கரைதான் குளிர்ச்சி!"

"எனக்குக் குளிர்ச்சி ஆகாதப்பா."

அவன் என்ன செய்வான்? பின்னாலேயே போனான்.

காரி குடிசை வாசலில் உட்கார்ந்து முறம் பின்னிக்கொண்டிருந்தான். அம்மை குடிக்கத் தண்ணீர் கேட்டாள். நிமிர்ந்தவன், அவளுக்குப் பின்னால் நின்றவனை ரொம்ப நேரம் பார்த்தான்.

"குடிச்சிருக்கியா?"

"இல்லை."

"அப்ப உட்காரு."

விடங்கனுக்கு வேறு வார்த்தை வரவில்லை. மனப்பாடம் பண்ணியதையே எடுத்தான். "காரி, முள்ளுக்காட்டுப் போரிலே நான்..."

"நானும்தானேடா அங்கே இருந்தேன்? எனக்கேவா அந்தக் கதை?"

விடங்கன் தரையைப் பார்த்தான்.

"குடிச்சேன். உன்னைத் தனியா விட்டுட்டுப் போனேன். கூச்சல் கேட்டுச்சு. சேவல்கட்டுச் சத்தம்னு நினைச்சேன்னு எல்லார்கிட்டேயும் சொன்னேன். பொய். உன் குரல்னு தெரிஞ்சுச்சு. பயந்துட்டேன், காரி. அதான் வரலே."

காரி மூங்கில் பட்டையைக் கீழே வைத்தான்.

"தெரியும். கால் போனதுகூட ஆறிப்போச்சு. வைத்தியர் வீட்டிலே கிடந்தேன் பாரு, கதவு திறக்கும்போதெல்லாம் நீதான் வர்றியோன்னு எட்டிப் பார்ப்பேன்."

விடங்கன் விசும்பி விசும்பி அழுதான். வெட்கமெல்லாம் படவில்லை.

அப்போது கோட்டை முரசு கேட்டது. விசாரணைக்கு வரச் சொல்லி முதல் முரசு. இரண்டாவது ஒலித்தால் கதவை அடைத்துவிடுவார்கள். விடங்கன் துள்ளி எழுந்தான். ஓடினால் போய்விடலாம்.

"இரு, கூழ் ஊத்துறேன்" என்று காரி ஊன்றுகோலைத் தேடினான்.

விடங்கன் அம்மையைப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவேயில்லை. கோழி குப்பையைக் கிளறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கோட்டைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான். பிறகு ஊன்றுகோலை எடுத்து நண்பன் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான்.

மூன்று பேரும் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு கூழ் குடித்தார்கள். இரண்டாவது முரசு ஒலித்தது. விடங்கன் இன்னொரு மிளகாய்க்குக் கை நீட்டினான்.

புறப்படும்போது காரி சொன்னான்: "அடுத்த பங்குனிக்கு வா. கையைப் பிடிக்க நான் வர்றேன். ஆனா கோட்டை வரைக்கும் என்னைத் தூக்கிட்டுப் போறது உன் பாடு."

திரும்பும் வழியில் விடங்கன் கோட்டையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். கோட்டை கண்ணுக்கு மறைகிற இடத்தில் அவனால் தாங்க முடியவில்லை.

"தாயே, இன்னும் ஒரு வருஷத்துக்கு நான் திட்டிவாசல்காரன்தானா? முறையிடாமலே திரும்புறேனே!"

"முறையிட்டாச்சேப்பா. தளபதிகிட்டே சொல்றதுதான் பாக்கி."