நாற்பது மனுவும் இருபது பொந்தும்

நாளைக்குப் பெருமழை என்று தவளைகள் தொண்டை கிழியக் கத்தின. அவ்வளவுதான், பொந்து ஒதுக்கீட்டு அலுவலகத்தில் காடே வந்து குவிந்துவிட்டது!

கூட்டத்தைச் சமாளிக்க ஆள் போதவில்லை. அதிகாரி யானை, செங்கொண்டை என்ற மரங்கொத்தியைத் தற்காலிக வேலைக்கு எடுத்தது. தேக்கிலை மனுவில் அலகால் 'டொக்' என்று கொத்தி முத்திரை போட வேண்டும். பட்டியலைப் பார்த்துப் பொந்தின் எண்ணைச் சொல்ல வேண்டும்.

"இன்றைக்கு ஒரு நாள் பார்ப்பேன். ஒழுங்காகச் செய்தால் மழைக்காலம் முழுக்க வேலை. இல்லையென்றால் மாலையோடு கிளம்பிவிட வேண்டும்!" என்றது யானை.

செங்கொண்டைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூன்று வருஷம் நடையாய் நடந்து கிடைத்த வேலை அல்லவா!

பக்கத்து இருக்கையில் பழைய குமாஸ்தா உடும்பு. பொந்துப் பட்டியலைச் செங்கொண்டை பக்கம் தள்ளிவிட்டுக் கண்ணை மூடியது. பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திறந்தது.

காலையில் கிளி, மைனா, புறா என்று வரிசை நகர்ந்தது. டொக்! "ஒன்றாம் எண்!" டொக்! "இரண்டாம் எண்!" செங்கொண்டை பம்பரமாய்ச் சுழன்றது. இருபதாம் எண்ணோடு பட்டியல் முடிந்தது. கொடுத்த பொந்தைப் பட்டியலில் அடித்துவிட வேண்டும் என்று அதற்கு யார் சொன்னார்கள்? மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது! பொழுது சாயும் நேரத்தில் கொட்டாவி விட்டபடி வந்த ஆந்தைக்கும், வௌவாலுக்கும், அவற்றின் பின்னால் நின்றவர்களுக்கும் அதே பொந்துகள்!

கடையைக் கட்டலாம் என்று எழுந்த உடும்பு பட்டியலைப் பார்த்தது.

"அடிப்பாவி! ஒரே பொந்தை ரெண்டு ரெண்டு பேருக்குக் கொடுத்திருக்கியே!"

செங்கொண்டை பட்டியலைப் பிடுங்கிப் பார்த்தது. "ஐயோ, இப்ப என்ன சார் பண்றது?"

"வாயைத் திறக்காதே! பட்டியலைக் கரையான் தின்னுட்டுதுன்னு சொல்லிடலாம். இருபது வருஷமா என்னைக் காப்பாத்துறதே கரையான்தான்!"

செங்கொண்டை வாசலை எட்டிப் பார்த்தது. காலையில் எண் வாங்கி மூட்டை கட்டப் போனவர்களும் வந்து சேர்ந்திருக்க, மூட்டை முடிச்சோடு, குஞ்சு குட்டிகளோடு எல்லோரும் பொந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நாளைக்குக் கொட்டுகிற மழையில் பொந்து வாசலில் இவர்கள் அடித்துக்கொள்வார்களே என்று நினைத்ததும் அதற்கு அழுகையே வந்துவிட்டது. வேலை போனால் போகட்டும்!

பறந்து போய் வாசல் கிளையில் உட்கார்ந்து கத்தியது. "எல்லாரும் நில்லுங்க! தப்பு என் மேலதான்! ஒரே பொந்தை ரெண்டு பேருக்குக் கொடுத்துட்டேன்!"

ஒரே கூச்சல். யானை தும்பிக்கையைத் தூக்கியபடி வெளியே வந்தது.

"ஒண்ணாம் எண் என்னோடது!" என்றது கிளி.

"என்னோடதும் ஒண்ணுதான்! நான் பகல்ல நிம்மதியாத் தூங்கணும்!" என்றது ஆந்தை.

"பகல்லயா? பகல்ல நான் எங்கே வீட்ல இருக்கேன்? விடிஞ்சா கிளம்பினா பொழுது சாஞ்சுதான் வருவேன்!"

"பொழுது சாஞ்சா நான் இருக்க மாட்டேனே!"

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வௌவால் தன் பொந்தையே வாங்கியிருந்த மைனாவைத் தேடிப் பறந்தது. காலையில் வந்தவர்கள் எல்லோரும் பகலில் வெளியே திரிகிறவர்கள். மாலையில் வந்தவர்கள் எல்லோரும் இரவில் திரிகிறவர்கள்! இருபது பொந்தும் நாற்பது பேருக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

யானை காதுகள் ஆட ஆடச் சிரித்தது. "பாதிப் பேரை எப்படித் திருப்பி அனுப்புவது என்று காலையிலிருந்து எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை! நீ சொல்லாமல் இருந்திருந்தால் இவர்கள் பேசியிருக்கவே மாட்டார்கள். செங்கொண்டை, மழைக்காலம் முழுக்க வேலைக்கு வா!"

மறுநாள் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஒரு குஞ்சுகூட நனையவில்லை.

செய்த தவறை மறைக்காமல் வாய்விட்டுச் சொன்னால், அதைச் சரிசெய்ய நாலு பேர் கை கொடுப்பார்கள்.