மதகும் சாவியும்

முன்னொரு காலத்தில் ஆலங்காட்டு நாட்டை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். எந்த வழக்கானாலும் சாப்பாட்டு வேளைக்குள் தீர்த்துவிட வேண்டும் அவனுக்கு.

மழைக்காலத்தில் ஒரு நாள் மத்தியானம் பெரிய ஏரியின் மதகு திறந்துகொண்டது. கீழ்த்தெரு முழுவதையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. மதகுக் காவல்காரன் சடையனின் மனைவியும் இரண்டு பெண்களும் அதில் போனார்கள். அவன் காய்ச்சலில் காவல் குடிசையில் கண்ணயர்ந்திருந்தான்.

அவனைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். ஏரி அதிகாரி கேசவராயருக்கு மந்திரி நன்மாறனைக் கண்டால் ஆகாது. மந்திரி வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

"மகாராஜா, சாவி இல்லாமல் மதகைத் திறக்க முடியாது. சாவி இவனிடம் இருந்தது. ஆகவே திறந்தவன் இவன்தான்."

"சரியாகத்தானே இருக்கிறது. யானைக்காலில் போடுங்கள்" என்றான் ராஜா.

"மூக்கு இல்லாமல் தும்ம முடியாது, அரசே" என்றார் மந்திரி. "தங்களுக்கு மூக்கு இருக்கிறது. அதனால் சபையில் யார் தும்மினாலும் தும்மியது தாங்கள்தானா?"

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான்.

சடையன் தரையைப் பார்த்தபடி, "சாவி என்கிட்டதான் இருந்துச்சு சாமி. சீக்கிரம் முடிச்சிருங்க" என்றான்.

சிரிப்பு அடங்கிவிட்டது.

மந்திரி ராஜாவை ஏரிக்கு அழைத்துப்போய்ச் சாவியைக் கையில் கொடுத்தார். ராஜா பூட்டைத் திறந்தான். மதகுப் பலகையை இழுத்தான். அது அசையவில்லை.

"இதைத் தூக்க ஆறு பேர் வேண்டும், அரசே. சாவி இல்லாமல் முடியாதுதான். ஆனால் சாவி மட்டும் போதாது. சடையன் ஒற்றை ஆள்."

"இன்னொரு சாவி கேசவராயரிடம் இருக்கிறதே. ஆளும் இருக்கிறது. அப்படியானால் அவர்தான்" என்றான் ராஜா.

"அதுவும் போதாது. விசாரித்துப் பார்ப்போம்."

கேசவராயரின் வேலையாட்களைத் தனித்தனியே விசாரித்தார்கள். ஆறு பேரும் ஒன்றையே சொன்னார்கள்: அவருடைய கரும்புக்குத் தண்ணீர் விடத்தான் சாவி கொடுத்துத் திறக்கச் சொன்னார், பிறகு பலகையை இறக்க முடியவில்லை.

கேசவராயர் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறைக்குப் போனார். ராஜா மந்திரிக்குத் தன் முத்துமாலையைப் போட்டான். பிறகு சடையனைப் பார்த்து, "உன்மேல் குற்றமில்லை. வீட்டுக்குப் போகலாம்" என்றான்.

"எந்த வீட்டுக்குச் சாமி?"

ராஜா மந்திரியைப் பார்த்தான். மந்திரி மாலையைக் கழற்றிவிட்டு, சடையனோடு கீழ்த்தெருவுக்கு நடந்தார். சேற்றில் வாசல் எது, சந்து எது என்று ஒன்றும் தெரியவில்லை. வெகுநேரம் தேடிய பிறகு சடையன் ஓரிடத்தில் நின்றான்.

"இங்கனதான் இருந்துச்சு" என்றான்.