எண்ணியும் தெரியாத மூணு குட்டி

ஒரு ஊர்ல ஒரு ஆட்டுக்காரி இருந்தா. பேரு ஒச்சம்மா. ராஜா எப்ப வருவாருன்னு கேக்காதே, வரமாட்டாரு. காலை ஆட்டாம படு. 'ம்' மட்டும் சொல்லு.

ம்.

ஒச்சம்மா பட்டியில ஏழு குட்டி. பக்கத்துப் பட்டி சங்கையாவோடது, அதுல அஞ்சு. அதுக்கு அடுத்தது கோயில் பட்டி, அதுல நாலு. எல்லாம் கருங்குட்டி, ஒண்ணைப் போல ஒண்ணு. அன்னிக்குப் பொழுது சாயும்போது காதுக்குறி. எந்தக் குட்டி எந்தப் பட்டியில நிக்குதோ, அந்தப் பட்டிக்காரன் குறியைக் காதுல வெட்டுவாங்க. வெட்டிட்டா அது அவனுக்குத்தான். அப்புறம் அழுது பிரயோசனம் இல்ல.

அன்னிக்குக் காலையில ஒச்சம்மா படலைத் திறந்தா. மூணு குட்டியைக் காணோம். தாயாடு மே... மே...ன்னு படலை முட்டுது. சங்கையா பட்டியில ஒரே துள்ளல்.

கீதாரிகிட்ட ஓடுனா. கீதாரின்னா ஆட்டுக்காரங்க தலைவர்.

"மாமா, சங்கையா பட்டியில எங்குட்டி மூணு நிக்குது."

"நீ சொன்னா ஆச்சா? எண்ணிருவோம்."

ஆனா அங்க ஒரு வழக்கம். ஒருத்தர் குட்டியைத் தனியா எண்ணக் கூடாது, கண்ணு பட்டுரும். ரெண்டு பட்டியைக் கலந்துதான் எண்ணணும். சாமி குட்டிக்குக் கண்ணு படாது, அதை மட்டும் தனியா எண்ணலாம்.

கீதாரி ஒச்சம்மா பட்டியையும் சங்கையா பட்டியையும் சேத்து எண்ணுனாரு. பன்னெண்டு. கோயில் பட்டியை எண்ணுனாரு. நாலு.

"ஏழும் அஞ்சும் பன்னெண்டு. சரியாத்தானம்மா இருக்கு."

சங்கையா வெத்தலையை மென்னுக்கிட்டே, "மதினி, வெயில்ல அலையாதீக. கண்ணு இருட்டுனா குட்டி குறையாத்தான் தெரியும்"னான்.

ஒச்சம்மாவுக்கு நிலை கொள்ளல. அங்கிட்டும் இங்கிட்டும் சரக் சரக்னு நடக்குறா. "வேற ஆளை விட்டு எண்ணுங்க மாமா."

அப்போ கீதாரி மச்சான் வெள்ளையன் வந்தான். "தலையை எண்ணுனா ஏமாத்திரும். நான் காலை எண்ணுவேன்." அதே ரெண்டு பட்டி. டக் டக் டக் டக். நாப்பத்தெட்டு காலு.

"நாலு காலுக்கு ஒரு தலை. அதே பன்னெண்டுதானய்யா"ன்னா ஒச்சம்மா. "இதுக்கு நீ வீட்டுலயே இருந்திருக்கலாம்."

ம்.

அப்புறம் கீதாரி பொண்டாட்டி வந்தா. மூணு பட்டியையும் மொத்தமா எண்ணுனா. பதினாறு. "பன்னெண்டும் நாலும் பதினாறு. இன்னும் என்னடி உனக்கு?"

பொழுது இறங்குது. கீதாரி கத்தி தீட்டுறாரு. சர்ர்... சர்ர்...

ஒச்சம்மா குச்சியை எடுத்தா. நின்னவாக்குலயே குனிஞ்சு மண்ணுல கீறுனா. எண்ணுன ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரிசை. பட்டிக்கு ஒரு கட்டம். எந்தப் பட்டியை எண்ணுனாங்களோ அந்தக் கட்டத்துல கல்லு.

மொத வரிசை: ஒச்சம்மாவுக்கு ஒரு கல்லு, சங்கையாவுக்கு ஒரு கல்லு. ரெண்டாவது வரிசை: கோயிலுக்கு மட்டும் ஒண்ணு. வெள்ளையன் வரிசை: நாலு கல்லு, நாலு கல்லு. அது மொத வரிசையோட நாலு மடங்கு, வேற ஒண்ணுமில்ல. அழிச்சா. கீதாரி பொண்டாட்டி வரிசை: மூணு கட்டத்துலயும் ஒவ்வொண்ணு. அதுல மொத வரிசையைக் கழிச்சா. ரெண்டாவதைக் கழிச்சா. வெறுங்கட்டம்.

புரியுதா? புரியலைன்னா 'ம்' சொல்லாதே.

ம்.

சரி. நாலு தடவை எண்ணியாச்சு, புதுசாச் சொன்னது ரெண்டுதான். பட்டியோ மூணு. மூணுல ரெண்டு போனா மிச்சம் ஒண்ணு. அந்த ஒண்ணுதான் ஓட்டை. அது வழியா ஒச்சம்மா பட்டிக் குட்டி சங்கையா பட்டிக்குப் போகும், ஒரு எண்ணிக்கையும் அசையாது. உங்கம்மா காலேஜ்ல இதை மேட்ரிக்ஸ்னு படிச்சா. புதுசு எத்தனையோ அது ரேங்க், ஓட்டை எத்தனையோ அது நல்லிட்டி. ரெண்டையும் கூட்டுனா பட்டி எத்தனையோ அத்தனை. எப்பவும். ஒச்சம்மாவுக்குப் பேரு வேண்டாம், குட்டி வேணும்.

"மாமா, கத்தியைக் கீழ வையுங்க. எம்பட்டியையும் கோயில் பட்டியையும் சேத்து எண்ணுங்க."

"அது எதுக்கு?"

"ரெண்டு பட்டி கலந்திருக்குல்ல. கண்ணு படாது."

வழக்கத்துல தப்பில்ல. சங்கையா மெல்லுறதை நிறுத்திட்டான்.

கீதாரி எண்ணுனாரு. எட்டு.

"ஏழும் நாலும் பதினொண்ணுல்ல இருக்கணும்?"

"கோயிலுக்கு நாலு போக எனக்கு எத்தனை மாமா?"

"நாலு."

"பன்னெண்டுல என் நாலு போனா சங்கையாவுக்கு?"

கீதாரி விரலை மடக்குனாரு. நிமிந்து சங்கையாவைப் பாத்தாரு. "எட்டு. உனக்கு அஞ்சுதானடா?"

"குட்டி... தானாத் தாண்டி வந்திருக்கும்."

"ஆமா," ஒச்சம்மா சொன்னா. "படல் கயித்தை அவுத்து, தாண்டி, திரும்ப முடிச்சும் போட்டுட்டு வந்துச்சாக்கும்."

வெள்ளையன் சிரிச்சுட்டான். அப்புறம் எல்லாரும்.

சங்கையாவே மூணையும் தூக்கிட்டு வந்து இறக்கி விட்டான். தொப். தொப். தொப். தாயாடு மோந்து பாத்துச்சு. கத்தல் நின்னுச்சு. கீதாரி ஏழு காதுலயும் ஒச்சம்மா குறியை வெட்டுனாரு. கடைசிக் குட்டியைக் கையை விட்டு இறக்குனதும், பொழுதன்னைக்கும் நின்ன ஒச்சம்மா அப்பத்தான் உக்காந்தா.

அவளே உக்காந்துட்டா, நீ இன்னும் ஏன் புரளுற? கதை தீந்துச்சு. கண்ணை மூடு.